ஒரே நாற்காலிகள், இரண்டு பஸ்கள்

ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்கொயர் ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. ஏழு வருஷமாக அந்த வழியாகத்தான் வேலைக்குப் போய் வருகிறேன், இட்லி மாவும் கறிவேப்பிலையும் வாங்க நியூவர்க் அவென்யூவுக்குப் போவதும் அதைத் தாண்டித்தான், ஆனாலும் யார் சிலை என்று ஒருநாள்கூட நின்று பார்த்ததில்லை. போன வருஷம் என் மகள்தான் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இது ஜாக்கி ராபின்சன்மா. அவர் ப்ரூக்ளின் பிளேயர்தானே, இங்க ஏன் நிக்கிறார்?"

எனக்குத் தெரியவில்லை. பள்ளியில் அவள் படித்ததுதான் எனக்கும் தெரியும்: 42ஆம் எண் சட்டை, ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ், 1947 ஏப்ரல் 15. பேஸ்பால் பக்கம் போகாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மேஜர் லீக் அணிகளில் 1880களுக்குப் பிறகு அறுபது வருஷத்துக்கும் மேல் ஒரு கறுப்பர்கூட விளையாடியதில்லை. கூடாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதி வைக்கவில்லை, முதலாளிகளுக்குள் ஒரு வாய்ப்பேச்சு, அவ்வளவுதான். எவ்வளவு நன்றாக ஆடினாலும் கறுப்பர்களுக்குத் தனி லீக், தனி ஊதியம், தனி ஓட்டல். அதை உடைத்துக்கொண்டு முதலில் உள்ளே போனவர் ராபின்சன்.

அன்று இரவு உட்கார்ந்து தேடினேன். ப்ரூக்ளினுக்குப் போவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே, 1946 ஏப்ரல் 18 அன்று, டாட்ஜர்ஸின் கீழ்நிலை அணியான மான்ட்ரியல் ராயல்ஸுக்காக அவர் முதன்முதலில் களமிறங்கியது எங்கள் ஊரில்தான், ரூஸ்வெல்ட் ஸ்டேடியத்தில். அந்த மைதானத்தை 1985இல் இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே வீடுகள் இருக்கின்றன. சிலை மட்டும் ரயில் நிலைய வாசலில், எங்களை மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்தபடி நிற்கிறது.

எங்கள் வாரயிறுதித் தமிழ் வகுப்பில் ஆண்டு விழா என்றால் கட்டபொம்மன், அவர் இல்லையென்றால் ஔவையார், அவரும் போன வருஷமே வந்துவிட்டார் என்றால் தெனாலிராமன். இந்த முறை நாடகம் என் பொறுப்பு. ராபின்சன் என்றேன். கூட்டத்தில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவர் மெதுவாக, "நல்ல ஐடியாதாங்க, ஆனா பேஸ்பாலைத் தமிழ்ல எப்படிங்க?" என்று கேட்டார். இன்னொரு அம்மா, ராபின்சனாக நடிக்கிற பிள்ளைக்கு முகத்தில் கொஞ்சம் கறுப்பு மேக்கப் போட்டுவிட்டால் பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடும் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நாமெல்லாம் அப்படிப்பட்ட சினிமா பார்த்து வளர்ந்தவர்கள்தான். ஆனால் இந்த நாட்டில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு மேடையேறிக் கறுப்பர்களைக் கோமாளிகளாகக் காட்டிய பழக்கத்துக்கு நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு, ராபின்சன் கதையைச் சொல்லவந்த மேடையில் அதை நாமே செய்தால் அதைவிடக் கேவலம் வேறில்லை. முடியவே முடியாது என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பிற்பாடு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன், சத்தத்துக்கு மட்டும்.

எனக்கே ஒரு அசட்டு யோசனை இருந்தது. பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நீல ஸ்டிக்கர் ஒட்டிப் பின்வரிசைக்கு அனுப்பினால் ஒதுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று தெரியுமே என்று நினைத்தேன். என் கணவர் கேட்டார்: "முட்டி வலியோட வர்ற தாத்தாவைப் பின்னாடி அனுப்பினா அவருக்கு என்ன தெரியும்? முட்டி வலி கூடியிருக்குன்னு தெரியும்." அதோடு அதை விட்டேன்.

கடைசியில் மேடைக்கு மிஞ்சியது வகுப்பில் கிடக்கும் பதினான்கு மடக்கு நாற்காலிகள். அவைதான் பஸ், அவைதான் ஆபீஸ், அவைதான் மைதானத்து பெஞ்ச்.

நாடகத்தை பேஸ்பாலில் தொடங்கவில்லை, ராணுவத்தில் தொடங்கினேன். 1944 ஜூலை 6, டெக்சாஸில் கேம்ப் ஹூட் முகாம். ராபின்சன் அப்போது லெப்டினன்ட். பஸ்ஸில் சக அதிகாரி ஒருவரின் மனைவிக்குப் பக்கத்தில் உட்காருகிறார். பின்னால் போ என்கிறார் டிரைவர். ராணுவ பஸ்ஸில் அப்படிப் பிரிக்கக் கூடாது என்று அதற்குள் உத்தரவு வந்திருந்தது, ராபின்சனுக்கு அது தெரியும். போக மாட்டேன் என்கிறார். விஷயம் ராணுவ நீதிமன்றம் வரை போய், ஆகஸ்டில் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் எழ மறுத்தது 1955இல், இது அதற்குப் பதினோரு வருஷம் முந்தியது. ராபின்சனாக நடித்தது பதினோரு வயதுப் பெண். வகுப்பிலேயே எதற்கும் "முடியாது" என்று முதலில் சொல்கிற பிள்ளை அவள்தான், அதற்காகத்தான் தேர்ந்தெடுத்தேன். நாற்காலியின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு, "நான் எங்கேயும் போகப் போவதில்லை" என்று அவள் சொன்னபோது முதல் ஒத்திகையிலேயே மற்றப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அடுத்தது பிராஞ்ச் ரிக்கியின் ஆபீஸ். டாட்ஜர்ஸின் தலைவர். 1945 ஆகஸ்ட் 28, ப்ரூக்ளின், மான்டேகு தெரு. மூன்று மணி நேரம் நடந்த அந்தச் சந்திப்பே ஒரு நாடகம்தான், நான் புதிதாக எழுத ஒன்றுமில்லை. ரிக்கி கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மாறி மாறி வேஷம் கட்டியிருக்கிறார்: அறை இல்லை என்று விரட்டும் ஓட்டல் குமாஸ்தா, சாப்பாடு தராத சர்வர், கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே முகத்துக்கு நேரே குத்த வரும் எதிரணி ஆள். எல்லாவற்றுக்கும் ராபின்சன் என்ன செய்வார் என்று பார்க்கிறார். திருப்பி அடிக்க பயப்படுகிற ஆள்தான் உங்களுக்கு வேண்டுமா என்று கேட்கிறார் ராபின்சன். திருப்பி அடிக்காமல் இருக்கிற தைரியம் உள்ள ஆள் வேண்டும் என்கிறார் ரிக்கி. ராபின்சனுக்கு அப்போது 26 வயது. ஒப்புக்கொள்கிறார். மாதம் 600 டாலர் சம்பளம், கையெழுத்துக்கு 3,500 டாலர்.

ரிக்கியாக நடித்த பையன் இதை நம்பியார் ரேஞ்சுக்குக் கொண்டுபோய்விட்டான், தடுக்கவில்லை. ஆனால் ரிக்கியைப் பெரிய வள்ளலாகக் காட்டவும் எனக்கு மனம் வரவில்லை. அதுவரை ராபின்சன் ஆடிய கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் என்ற கறுப்பர் அணிக்கு அவர் ஒரு காசுகூடக் கொடுக்கவில்லை. கறுப்பு ரசிகர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். நல்லவர்தான், கணக்குப் போடத் தெரிந்த நல்லவர்.

அப்புறம் இரண்டாவது பஸ். இந்தக் காட்சிக்காகத்தான் நான் நாடகமே எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

1946 பிப்ரவரியில் ராபின்சனுக்கும் ரேச்சலுக்கும் கல்யாணம் ஆகிறது. அந்த மாதக் கடைசியில் ஃப்ளோரிடாவில் பயிற்சி முகாம், லாஸ் ஏஞ்சலஸிலிருந்து விமானத்தில் கிளம்புகிறார்கள். கிளம்பும்போது ராபின்சனின் அம்மா மேலி ஒரு ஷூ டப்பாவில் பொரித்த கோழியும் அவித்த முட்டையும் கட்டிக் கொடுக்கிறார். ரேச்சலுக்கு ஒரே கூச்சம். புதுப்பெண், நல்ல கோட்டும் தொப்பியும் போட்டு விமானத்தில் போகிறவள், மடியில் சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டு உட்காருவதா? இந்த இடத்தில் எங்கள் அம்மாக்கள் கூட்டமே சிரித்தது. புளிசாதத்தை இலையில் கட்டிக் கொடுக்காமல் நம்மை ரயிலேற்றிய மாமியார் உண்டா? ஆனால் நியூ ஆர்லியன்ஸில் இவர்களை விமானத்திலிருந்து இறக்கிவிடுகிறார்கள். அங்கே இவர்களை உட்காரவைத்துச் சாப்பாடு போட எந்த இடமும் தயாராக இல்லை. கூச்சப்பட்ட அந்த டப்பாதான் அன்று பசியாற்றியது. அடுத்து பென்சகோலாவில் மறுபடியும் இறக்கிவிடுகிறார்கள். அங்கிருந்து ஜாக்சன்வில்லுக்கு இரவெல்லாம் பஸ். காலியாக இருந்த சாய்வு இருக்கைகளில் இருவரும் சாய்ந்து கண்மூடியதும் டிரைவர் வந்து பின்னால் போகச் சொல்கிறார்.

அதே நாற்காலிகள். நான் வேண்டுமென்றே ஒன்றைக்கூட நகர்த்தவில்லை, டிரைவராக நடித்ததும் அதே பையன்தான்.

ஒத்திகையில் அவன் வந்து, "பின்னால் போ" என்றான். அவள் எழவில்லை. நாற்காலி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"இந்த தடவை எழுந்து போகணும்மா," என்றேன்.

"ஏன்? போன பஸ்ல போகலையே."

"ரிக்கிகிட்ட வாக்கு கொடுத்திருக்கார்ல."

"ரிக்கி இங்க இல்லையே ஆன்ட்டி."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஃப்ளோரிடாவுக்குப் போய்ச் சேராவிட்டால் பயிற்சி இல்லை, பயிற்சி இல்லாவிட்டால் அணி இல்லை, இவர் ஒரு குத்து விட்டால் "பார்த்தீர்களா, இவர்களைச் சேர்த்தால் இப்படித்தான்" என்று இன்னும் இருபது வருஷத்துக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள் என்றெல்லாம் அப்புறம் உட்கார்ந்து விளக்கினேன். அவள் முழுக்க ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை. ஆனால் அடுத்த முறை எழுந்தபோது, மிக மெதுவாக, டிரைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்தாள். ரேச்சலாக நடித்த பிள்ளை ஷூ டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். கடைசி நாற்காலிகளில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள், ஒரு வசனமும் இல்லை. அந்த இருட்டில் தான் அழுததை ரேச்சலே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நான் அழச் சொல்லவில்லை. டப்பாவின் மூடியைத் திறந்து மூடு, போதும் என்றேன்.

பிள்ளைகளுக்கான கதைகளில் ராபின்சனைப் பொறுமைசாலி, சாது என்று காட்டிவிடுகிறார்கள். முதல் பஸ்ஸைக் காட்டாவிட்டால் இரண்டாவது பஸ் அப்படித்தான் தெரியும். அடிக்கத் தெரிந்த, மறுக்கத் தெரிந்த, கோர்ட்டு வரை போய் ஜெயித்த மனுஷன் எழுந்து பின்னால் போகிறார் என்பதுதானே விஷயம்!

இவ்வளவு கனத்துக்குப் பிறகு கொஞ்சம் சிரிக்க வேண்டாமா? ஃப்ளோரிடாவே அதற்கு வழி செய்து வைத்திருக்கிறது. ஜாக்சன்வில்லில் இவரும் இன்னொரு கறுப்பு வீரர் ஜான் ரைட்டும் ஆடக் கூடாதென்று மைதானத்தையே பூட்டிவிட்டார்கள். டிலேண்ட் என்ற ஊரில் மைதான விளக்குகள் ரிப்பேர் என்று ஆட்டத்தை ரத்து செய்தார்கள். ஆட்டம் பகலில். ஆமாம், பட்டப்பகலில் ஆட வேண்டிய ஆட்டத்துக்கு விளக்கு ரிப்பேர். எங்கள் நாடகத்தில் ஒரு குட்டிப் பையன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வெயில் தாங்காமல் விசிறிக்கொண்டே வந்து, "மன்னிக்கவும், கரன்ட் இல்லை" என்று அறிவிப்பான். அரங்கம் குலுங்கியது. கரன்ட் கட்டுக்குப் பழகிய தாத்தா பாட்டிகள்தான் அதிகம் சிரித்தார்கள்.

அடுத்து எங்கள் ஊர் ஆட்டம். இங்கேதான் நான் சொதப்பினேன். ஆன்லைனில் 42 போட்ட சட்டையை வாங்கி வைத்துவிட்டு, விழாவுக்கு நாலு நாள் முன்னால்தான் கவனித்தேன், மான்ட்ரியல் அணியில் அவர் போட்டது 9ஆம் எண். பழைய தலையணை உறையை வெட்டி 9 தைத்து 42க்கு மேல் ஒட்டினேன். ராத்திரி பதினொரு மணிக்கு ஊசியும் நூலுமாக. மேடை வெளிச்சத்தில் பார்த்தால் 9க்குப் பின்னால் 42 லேசாகத் தெரிந்தது. இயக்குநரின் நுட்பம் என்று ஒருவர் பாராட்டினார், நான் மறுக்கவில்லை.

அன்று ராபின்சன் ஐந்து முறை மட்டை பிடித்து நான்கு முறை வெற்றிகரமாக அடித்தார். அதில் ஒன்று, பந்தை எல்லைக்கு வெளியே அடித்து மூன்று ரன் கொடுத்த ஹோம் ரன். ஜெர்சி சிட்டி ஜயண்ட்ஸை மான்ட்ரியல் 14-1 என்று நொறுக்கியது. "இரண்டு பேஸ் திருடினார்" என்று வசனம் எழுதியிருந்தேன். பேஸ் என்றால் ரன் எடுக்க ஓடுகிறவர் நின்று நின்று போகிற இடம், எதிரணி அசந்த நேரத்தில் அடுத்த இடத்துக்கு ஓடிவிடுவதைத்தான் திருடுவது என்பார்கள். ஒத்திகை பார்க்க வந்த ஒரு பாட்டி, "நல்ல மனுஷன்னு சொன்னீங்க, திருடினாருங்கறீங்க?" என்றார். வசனத்தை மாற்றினேன். மூன்றாவது பேஸில் நின்றுகொண்டு ஓடப்போகிறேன் ஓடப்போகிறேன் என்று முன்னும் பின்னும் ஆடிக் காட்டி, பந்து வீசுகிறவரைத் தடுமாற வைத்து, அந்தத் தப்புக்கே ஒரு ரன் வாங்கினார், அதுவும் ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை. இதைப் பாட்டிக்கு எப்படிச் சொல்வது? கபடியில் கோட்டைத் தாண்டி வந்து கால் நீட்டி நீட்டி வம்பிழுப்பார்களே, அது மாதிரி என்றேன். "அப்படிச் சொல்லு!" என்றார். மேடையிலும் அதையே வைத்தோம், எங்கள் ராபின்சன் "கபடி கபடி" என்று முணுமுணுத்துக்கொண்டே மூன்றாவது பேஸில் ஆடினாள். வரலாற்றுக்கு அநியாயம்தான், ஆனால் விசில் பறந்தது.

அந்த ஹோம் ரன்னுக்குப் பிறகு ஒரு சின்ன விஷயம் நடந்தது. சுற்றி ஓடி, ஓட்டம் முடிகிற இடமான ஹோம் பிளேட்டைத் தொட்ட ராபின்சனுக்கு, அடுத்து மட்டை பிடிக்க நின்ற ஜார்ஜ் ஷூபா என்ற வெள்ளைக்கார வீரர் கை கொடுத்தார். அவ்வளவுதான். யார் ஹோம் ரன் அடித்தாலும் செய்கிறதுதான். அதைப் போட்டோ எடுத்துவிட்டார்கள், ஷூபா அந்தப் படத்தைக் கடைசிவரை தன் வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். இதைவிடப் பிரபலமான இன்னொரு காட்சி உண்டு: ரசிகர்கள் திட்டித் தீர்க்கும்போது டாட்ஜர்ஸ் வீரர் பீ வீ ரீஸ் வந்து ராபின்சன் தோளில் கை போடுவது. ப்ரூக்ளினில் அதற்குச் சிலையே இருக்கிறது. ஆனால் அது நடந்தது 1947இலா 1948இலா, சின்சினாட்டியிலா பாஸ்டனிலா, சொல்கிறபடி நடந்ததா என்றே ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்தச் சண்டையைவிட வேறொரு சங்கடம். அந்தக் காட்சியை வைத்தால் பிள்ளைகள் மனதில் ரீஸ்தான் நிற்பார், காப்பாற்ற வந்த நல்லவராக. கை கொடுக்கிற காட்சியில் யாரும் யாரையும் காப்பாற்றவில்லை. ஒருவர் ஹோம் ரன் அடித்தார், இன்னொருவர் கை கொடுத்தார். அதனால் ஷூபாவை வைத்துக்கொண்டேன். வசனமே இல்லாத அந்த வேஷத்தை எங்களில் சின்னவனுக்கு, ஏழு வயது, கொடுத்தேன்.

திட்டுகிற வார்த்தைகளை என்ன செய்வது என்பதில் ரொம்ப நாள் குழம்பினேன். கறுப்பர்களை இழிவாகச் சொல்லும் அந்த ஒரு வார்த்தையைப் பிள்ளைகள் வாயில் போட முடியாது, அதற்காக எல்லோரும் மரியாதையாக நடந்துகொண்ட மாதிரியும் காட்ட முடியாது. கடைசியில் பிள்ளைகள் வாயை மட்டும் அசைத்தார்கள், சத்தம் வரவில்லை, நாற்காலி முதுகில் கையால் ஓங்கி ஓங்கித் தட்டினார்கள். மூன்று பேருக்கு அது அளவுக்கு மீறிப் பிடித்துப்போய், நிறுத்தச் சொன்ன பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் என்பது இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

நாடகம் மான்ட்ரியலில் முடிந்தது. 1946 அக்டோபரில் லூயிவில் அணியைத் தோற்கடித்துக் கோப்பையை வென்றதும் ரசிகர்கள் ராபின்சனைத் தூக்கிக் கொண்டாடுகிறார்கள், அவர் விமானத்தைப் பிடிக்க வேண்டும், தப்பித்துத் தெருவில் ஓடுகிறார், கூட்டம் துரத்துகிறது. வெள்ளைக்காரக் கூட்டம் ஒரு கறுப்பரை அடிக்க அல்லாமல் அன்பில் துரத்தியது என்று அப்போதே ஒரு பத்திரிகையாளர் எழுதினார். இதை மேடையில் முதலில் அதே நாற்காலித் தட்டலோடு தொடங்கினோம். ராபின்சன் அரங்கத்தின் நடுவில் ஓட, பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். முன்வரிசையில் இருந்த ஒரு குழந்தை பயந்து அம்மா மடியில் ஏறிக்கொண்டது. பிறகுதான் தட்டல் கைதட்டலாக மாறியது.

முடிந்ததும் பேஸ்பால் பைத்தியமான ஓர் அப்பா நேராக வந்தார். "1947 எங்கங்க? மெயின் பிக்சரையே காட்டாம இடைவேளையோட முடிச்சிட்டீங்களே." நியாயமான கேள்வி. 1947இல் பிலடெல்பியா அணியின் மேனேஜர், அதாவது ஆட்டத்தின்போது அணியை நடத்துகிறவர், பென் சாப்மன் ராபின்சனைப் பார்த்துக் கத்திய கத்தலும், அந்த வருஷமே சிறந்த புதுமுகம் என்ற விருதும், 1949இல் வாக்கிலிருந்து விடுபட்டுத் திருப்பிப் பேசத் தொடங்கியதும், அதே வருஷம் லீகின் மிகச் சிறந்த வீரரானதும் எல்லாம் எனக்கும் ஆசைதான். 1972இல் இறப்பதற்கு ஒன்பது நாள் முன்னால், ஒரு பாராட்டு விழாவில் நன்றி சொல்லிவிட்டு, கறுப்பர் ஒருவர் மேனேஜராக வருவதைப் பார்த்தால்தான் இன்னும் சந்தோஷப்படுவேன் என்று மைக்கிலேயே சொன்ன அந்த மனுஷனை விட்டதில் எனக்கே வருத்தம். ஆனால் கையில் இருந்தது நாற்பது நிமிஷம். ஜெயித்த கதையை எல்லாரும் சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் எழுதாமல் விட முடியவில்லை. இரண்டாவது பஸ் காட்சியின் அமைதியில், பின்வரிசையில் ஒரு பாட்டி பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது: "எங்க ஊரு டீக்கடையில அவங்களுக்குத் தனி கிளாஸ் வெச்சிருப்பாங்களே, அந்த மாதிரி." யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சாப்பாட்டு நேரத்திலும் அதை யாரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ராபின்சனுக்குக் கைதட்டுவது எங்களுக்குச் சுலபமாக இருந்தது. பல்வங்கர் பாலு என்று ஒரு கிரிக்கெட் வீரர், 1911இல் இங்கிலாந்து சுற்றுப்பயணத்தில் நூற்றுக்கும் மேல் விக்கெட் எடுத்தவர், அவருக்கு பூனாவில் சக ஆட்டக்காரர்கள் உள்ளே டீ குடிக்கும்போது வெளியே மண் குவளையில் கொடுத்தார்கள். அடுத்த வருஷ நாடகத்துக்கு அவர் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

விழா அன்று ஷூபா மேடையில் கச்சிதமாகக் கை கொடுத்தான். கொடுத்துவிட்டு இறங்கியவன் நிறுத்தவில்லை. சாப்பாட்டு வரிசையில் இடது கையில் சாம்பார் சாதத் தட்டு, வலது கையை நீட்டிக்கொண்டே வந்தான், பரிமாறுகிற மாமா, அரங்கத்தைப் பூட்ட வந்தவர், பாட்டிகள் என்று ஒருவரையும் விடவில்லை. என்னிடம் வந்தபோது கையெல்லாம் அப்பளத்து எண்ணெய்.